நெய் பூசிய கை

எம்.ஏ. தமிழ் படித்தபோது நற்றிணையின் 40ஆம் பாட்டை மருதத்திணை என்றுதான் நடத்தினார்கள். பரத்தை கூற்று, தலைவன் நள்ளிரவில் கள்வனைப் போல வந்த செய்தி, அதிலுள்ள நயம். அதோடு மணி அடித்துவிடும். பாட்டு நடக்கிற இடம் ஒரு பிள்ளை பெத்த வீடு என்பதைப் பற்றிப் பேச்சே கிடையாது.

கோண்மா நெடுங்கோட்டனார் பாடிய பாட்டு. காவல் உள்ள வீடு, மணி ஒலிக்கிறது. பந்தலில் மணல் பரப்பியிருக்கிறது. மெத்தையில் செவிலியோடு பிள்ளை தூங்குகிறது. வெண்கடுகு அணிந்து, நெய்யாடி, பசுநெய் ஊறிய மெல்லிய உடம்போடு தலைவி கண்ணயர்கிறாள். பேறுகாலப் பக்குவம் பற்றி நம்மிடம் உள்ள மிகப் பழைய சாட்சிகளில் ஒன்று இது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். புனிறு என்றால் ஈன்ற அணிமை என்று தொல்காப்பிய உரியியல் பொருள் சொல்கிறது. ஈன்றவள் தலைவி. புனிற்று வாடை வீசுவதோ செவிலிமேல். தலைவிக்கு நெய்யின் மென்மை, செவிலிக்குப் பேற்றின் நாற்றம். அந்த நெய்யைப் பூசிய கை யாருடையது என்பது பாட்டில் இல்லவே இல்லை.

அந்தச் செவிலி இன்ன சாதி என்று நான் சாதிக்க வரவில்லை. சங்கச் செவிலி தோழியைப் பெற்றவள், வீட்டில் மதிப்புள்ளவள். அப்படிப்பட்டவள் உடம்பிலேயே வாடை ஏற்றப்படுகிறது என்றால், மதிப்பே இல்லாதவள் கதி என்ன என்பதே என் கேள்வி.

நம் ஊர்களில் அந்த வாடைக்குப் பேர் தீட்டு. எண்ணெய் தேய்த்து இடுப்பை நீவ, வெந்நீரை அடித்து ஊற்ற, பழஞ்சேலையால் வயிற்றைச் சுற்றிக் கட்ட மருத்துவச்சி வேணும். அவ கை பட்டாத்தான் வயிறு அடங்கும் என்பார்கள். அதே கை தீட்டு கழிந்த பிறகு பட்டால் ஆகாது. நாவிதர் வீட்டுப் பெண் என்பதால் பல வீடுகளில் அவளுக்குப் புறவாசல்தான். கூலி கொஞ்சம் நெல், ஒரு பழஞ்சேலை.

சேரிக்கு அவளும் வருவதில்லை. எங்க பெண்களுக்கு எங்க கிழவிகளே பார்த்தார்கள். சில ஊர்களில் புதிரை வண்ணார் பெண்கள் பார்த்தார்கள். 1994இல் வந்த இமையத்தின் ‘கோவேறு கழுதைக’ளில் ஆரோக்கியம் காலனிக்குத் துணி வெளுப்பவள் மட்டுமல்ல, பிரசவமும் பார்ப்பவள். அந்த நாவலை நம்மில் சிலர் அன்று எதிர்த்தார்கள். நற்றிணையிடம் நான் கேட்கிற கேள்வியை அந்த நாவல் நம்மிடமே கேட்டது. நம் வாசலிலும் அவள் எங்கே நின்றாள்?

இனி அந்த ஓய்வைப் பற்றி. பிள்ளை பிறந்ததும் ஏறக்குறைய ஒரு கிலோ இருக்கிற கருப்பை பழைய அளவுக்குச் சுருங்கச் சுமார் 6 வாரம் ஆகிறது. எங்கம்மா என்னைப் பெத்த 18ஆம் நாள் நடவுக்கு இறங்கியதாகச் சொல்வாள். “இந்த இடுப்பு நோவு அப்பப் புடிச்சது” என்பாள். 2017இல் பேறுகால விடுப்பு 26 வாரமாக்கப்பட்டது. அது நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு. அன்றாடக் கூலிக்குக் களையெடுப்பவளுக்கு இல்லை. பசுநெய் ஊறிய அந்தத் தூக்கத்தை வெறும் அழகு என்று ரசிக்க என்னால் முடியவில்லை. அது ஒரு உரிமை. நம் தாய்மாருக்குக் கிடைக்காதது.

தமிழ்நாட்டில் இப்போது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பிரசவத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. நல்லது, உயிர்கள் பிழைக்கின்றன. ஆனால் எண்ணெய்க் குளியல் நிற்கவில்லை. நகரங்களில் அதே நீவுதலை, வயிற்றுக்கட்டை, கம்பெனிகள் ‘பேக்கேஜ்’ போட்டு விற்கின்றன. விளம்பரத்தில் பாரம்பரியம் என்று இருக்கிறது. அந்தப் பாரம்பரியத்தைக் கையில் வைத்திருந்தவள் பேர் இல்லை.

இந்தப் பாட்டை நடத்தும்போது மாணவர்கள் எழுந்து கேட்க வேண்டும், பூசியவள் யார் என்று. இன்னொரு வேலையும் இருக்கிறது. பேறு பார்த்த கிழவிகள் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். என்ன எண்ணெய், எப்படி நீவினார்கள், என்ன கூலி, எந்த வாசல் என்று அவர்கள் வாயால் கேட்டு எழுதுங்கள். நற்றிணைக்கு நாம் எழுத வேண்டிய உரை அங்கேதான் இருக்கிறது.