தலையைச் சாய்த்துப் பாருங்கள்

வி.ஆர். ஹெட்செட்டை முதன்முதலாக மாட்டிக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் அசையாமல் நின்று, எதிரே டைனோசர் வருகிறதா என்று பார்ப்பார்கள். ஐந்து நிமிடத்தில் “நல்லாத்தான் இருக்கு” என்று கழற்றிக் கொடுத்துவிடுவார்கள். டிவி பார்த்த பழக்கம் அது. இந்தக் கருவியை ரசிக்கக் கண் மட்டும் போதாது. கழுத்தும் காலும் வேலை செய்ய வேண்டும்.

அதற்கான பயிற்சி சிதம்பரத்துக்காரர்களுக்குக் காசில்லாமல் கிடைக்கிறது. நடராஜர் கோயிலின் கிழக்குக் கோபுர வாசலில் எத்தனையோ தடவை நுழைந்திருப்பீர்கள். இரு பக்கச் சுவரிலும் 108 கரணச் சிற்பங்கள், நாட்டிய சாஸ்திரச் சுலோகங்களோடு ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிப் போகின்றன. கண்மட்டத்தில் இருக்கும் ஒன்றுக்கு நேரே நின்று பாருங்கள். பிறகு ஓரடி இடப்பக்கம் நகருங்கள். மடித்த முழங்கால் தொடையைக் கொஞ்சம் மறைக்கும். இன்னும் நகர்ந்தால், தூக்கிய கை சுவரை விட்டு விலகி நிற்பது தெரியும். செதுக்கிய ஆழம் அதிகமில்லை. ஆனாலும் நாம் நகர நகர உருவம் திரும்புகிறது. கிட்டத்தில் இருப்பது அதிகமாகவும் தள்ளி இருப்பது குறைவாகவும் இடம் மாறுவதை வைத்து மூளை ஆழத்தைக் கணக்குப் போட்டுக்கொள்கிறது. நல்ல வி.ஆர். கருவி தலைகீழாக நின்று செய்வது இந்த ஒரு காரியத்தைத்தான்.

இனி ஹெட்செட்டை மாட்டலாம். புது விளையாட்டெல்லாம் பிறகு. நன்றாகத் தெரிந்த ஓர் இடத்தின் 360 டிகிரி படம் கிடைத்தால் அதைப் போடுங்கள்: தெற்கு வீதி, கடலூர் வெள்ளி கடற்கரை, பிச்சாவரம் படகுத்துறை, எதுவானாலும் சரி. சுற்றிப் பார்க்கலாம், அண்ணாந்து பார்க்கலாம். இப்போது தலையை ஒரு சாண் பக்கவாட்டில் சாயுங்கள். சுரபுன்னை மரத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்க முடியாது. மரமும் வானமும் ஒன்றாகச் சேர்ந்து உங்களோடேயே வரும். பெரிய கோளத்தின் உட்புறத்தில் ஒட்டிய படம் அது. நீங்கள் எங்கே நகர்ந்தாலும் அதன் நடுவில்தான் இருப்பீர்கள். 2014இல் கூகுள் விட்ட அட்டைப்பெட்டி, 2023 ஐ.பி.எல். சமயத்தில் 1,299 ரூபாய்க்கு வந்த ஜியோடைவ் போன்று ஃபோனைச் செருகிப் பார்க்கும் கருவிகளின் எல்லையும் இதுதான். தலை திரும்புவது அவற்றுக்குத் தெரியும், தலை நகர்வது தெரியாது. கிரிக்கெட் பார்க்க அது போதும் என்பதையும் சொல்ல வேண்டும்.

மெட்டாவின் குவெஸ்ட் 3, 3எஸ் போன்றவை தங்கள் கேமராக்களால் அறையைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் நீங்கள் குனிவதும் நகர்வதும் அவற்றுக்குத் தெரியும். ஸ்கேனிவர்ஸ் என்ற செயலியால் வீட்டுப் பொருள் ஒன்றை ஃபோனிலேயே சுற்றிச் சுற்றி ஸ்கேன் செய்து, குவெஸ்டில் திறந்து பார்க்கலாம். கொல்லையில் கிடக்கும் அம்மியை அப்படி ஏற்றிப் பார்த்தேன். அரைத்து அரைத்துத் தேய்ந்த பள்ளம், குனிந்து பக்கத்திலிருந்து பார்த்தபோதுதான் எவ்வளவு என்று தெரிந்தது. குழவியின் அடிப்பக்கம் மட்டும் பஞ்சாகக் கலைந்திருந்தது. ஃபோன் அங்கே எட்டிப் பார்க்கவில்லை. இப்படிக் கலையும் ஓரங்களையும் தேடிப் பாருங்கள். கருவி எதைப் பார்த்தது, எதை ஊகித்தது என்பது அங்கேதான் தெரியும்.

விளையாடும் முன் தரையில் எல்லைக்கோடு போடச் சொல்லும் ஹெட்செட். கடலூர்க்காரர்களுக்கு இது புதிதில்லை. 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி மராத்தியரிடமிருந்து புனித டேவிட் கோட்டையை வாங்கியபோது, பீரங்கியைச் சுட்டு, குண்டு போய் விழுந்த தூரம் வரை கோட்டைக்கு எல்லை என்று வைத்துக்கொண்டது. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயர் அந்தக் கதையோடுதான் நிற்கிறது. நீங்கள் அவ்வளவு ஆசைப்பட வேண்டாம். கைக்கு எட்டுகிற இடத்தில் மின்விசிறி இறக்கையோ ஷோகேஸ் கண்ணாடியோ இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

எழுத்து விஷயத்தில்தான் எனக்கு இன்னும் மனக்குறை. ஹெட்செட்டுக்குள் பெரிய திரையை விரித்துத் தமிழ்ச் செய்தித்தளம் ஒன்றைத் திறந்து பாருங்கள். தலைப்பு பளிச்சென்று இருக்கும். உள்ளே போனால் ஞ, ண, ணை இவற்றின் சுழிகள் அடைபட்டுப் போகும். குவெஸ்ட் 3இல் ஒரு டிகிரி பார்வைக்கு 25 புள்ளிகள். நல்ல கண் 60 வரை பிரித்துப் பார்க்கும். 3எஸ்ஸில் இன்னும் குறைவு, லென்ஸின் நடுவைவிட்டுக் கண் விலகினால் மங்கல் வேறு. இதைப் போட்டுக்கொண்டு அலுவலக வேலை பார்க்கலாம் என்று விளம்பரம் சொல்வதை நம்பி வாங்குவதற்கு முன், ஒரு பத்தியாவது வாசித்துப் பார்ப்பது நல்லது. அரைக்கிலோவுக்குக் கொஞ்சம் மேலே எடை. அதை முகத்தில் தாங்கிக்கொண்டு வாசிக்கிறோம் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஹெட்செட்டைக் கழுத்தாலும் காலாலும் ரசிப்பதுபோல, வீட்டுக் கம்ப்யூட்டரைக் காதால் ரசிக்கலாம். 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த பெட்டி எத்தனை வீட்டில் பீரோ மேல் இருக்கிறது! அதை இறக்கிப் பட்டனை அமுக்கினால் உள்ளே ஹார்டு டிஸ்க் கரகரவென்று பிறாண்டும். திரை வருவதற்குள் காபி குடித்துவிடலாம். அதே பெட்டியில் எஸ்.எஸ்.டி. போட்டு, லேசான லினக்ஸ் ஒன்றை ஏற்றிப் பாருங்கள். சத்தமும் இல்லை, அந்தக் காத்திருப்பும் இல்லை. புது மெஷின் வாங்குகிறவர்கள் வேகத்தை எண்களில் தேடுகிறார்கள். பழைய மெஷினில் உட்கார்ந்தவர்களுக்கு அது கையிலேயே தெரியும்.

வி.ஆர். விளையாட்டைக் கம்ப்யூட்டரோடு இணைத்து ஆடும்போது கதை வேறு. நொடிக்கு 90 படம் என்றால், ஒவ்வொரு படத்தையும் இரண்டு கண்ணுக்கும் வரைந்து முடிக்கச் சுமார் 11 மில்லி செகண்ட்தான் கிடைக்கும். கிராஃபிக்ஸ் கார்டு அதைத் தவறவிட்டால் கருவி பழைய படத்தைத் திருகிக் கொடுத்துச் சமாளிக்கும். அதைக் கண்டுபிடிக்க வழி உண்டு: உள்ளே தெரியும் கையை வேகமாக ஆட்டுங்கள், விரலின் ஓரம் நெளியும். தலை சுற்றினால் வீரம் காட்டாமல் உடனே கழற்றிவிட வேண்டும். 10 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று மெட்டாவே சொல்கிறது.

நம் ஊர்ப் பக்குவம் கொஞ்சம் தனி. தலைக்கு எண்ணெய் வைத்த அன்று மாட்டினால், முகத்தில் படும் பஞ்சு அதைக் குடித்துக்கொண்டு மறுநாளே நாறும். ரப்பர் உறை ஒன்று வாங்கிவிடுங்கள். உயரக் கொண்டை போட்டால் பின்பட்டை நிற்காது, தாழ்த்திப் பின்னிக்கொள்ள வேண்டும். மஞ்சக்குப்பத்துப் பக்கம் உப்புக்காற்றில் சிபியுவின் பின்பக்கத் திருகாணிகள் துருப்பிடிப்பதைப் பார்த்தவர்கள் ஹெட்செட்டையும் வெளியே கிடக்க விடமாட்டார்கள். சிலிக்கா பொட்டலம் போட்ட டப்பா போதும். ஒன்றில் மட்டும் அசட்டை கூடாது: லென்ஸ் மேலே பார்க்கும்படி ஜன்னலோரத்திலோ மாடியிலோ வைத்தால், வெயிலை அது ஒரு புள்ளியில் குவித்து உள்ளே இருக்கும் திரையைப் பொசுக்கிவிடும். அதற்குச் சில நிமிட வெயிலே போதும்.