கொக்கியின் ஒரு தொடுதல்

15 அடி பர்மிய மலைப்பாம்பு இரையெடுப்பதைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் பாம்பின் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் பார்ப்பது வளர்ப்பவரின் கையை. அதுவும் கூண்டுக் கதவு திறப்பதற்கு முந்தைய சில நிமிடங்களில். அந்தக் கை எதைத் தொட்டுவிட்டு வந்தது, எதைப் பிடித்திருக்கிறது, எந்தப் பக்கமாக நீளப்போகிறது என்பதிலேயே அன்றைய தீனியின் தரம் தெரிந்துவிடும். பாய்வதும் சுற்றுவதும் பாம்புக்குப் பிறவித் தொழில். முட்டையைவிட்டு வந்த முதல் மாதமே அது தெரிந்திருக்கும். கற்றுத்தேற வேண்டியதெல்லாம் மனிதர் பக்கம்தான் இருக்கிறது.

இந்தக் கலை செழித்த இடம் அமெரிக்கா. நம் ஊரில் இதற்கு வழியே இல்லை. நம் மலைப்பாம்பு 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வீட்டில் வைத்து வளர்ப்பது குற்றம். அங்கேயும் இப்போது கதவு பாதி சாத்தியாகிவிட்டது. ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில், தப்பிப்போனவையும் கொண்டுபோய் விடப்பட்டவையுமாகப் பர்மிய மலைப்பாம்புகள் பெருகின. 2012இல் அந்த இனம் உட்பட நான்கையும், 2015இல் ரெட்டிகுலேட்டட் மலைப்பாம்பு, பச்சை அனகோண்டா உட்பட இன்னும் நான்கையும் தீங்கு விளைவிப்பவை என்று பட்டியலிட்டு, இறக்குமதியை நிறுத்தியது அமெரிக்க அரசு. சரியான முடிவுதான். ஆனாலும் முன்பே வளர்த்துவந்தவர்களிடம் பாம்புகள் இருக்கின்றன, அவற்றுக்குப் பசிக்கிறது. கான்சஸ் சிட்டியில் இருந்த மெடூசா என்ற ரெட்டிகுலேட்டட் மலைப்பாம்பை 2011இல் கின்னஸ் பதிவுக்காக அளந்தபோது நீளம் 7.67 மீட்டர், எடை 158.8 கிலோ. நேராக நீட்டிப் பிடிக்க 15 ஆட்கள் தேவைப்பட்டார்கள். அவ்வளவு பெரிய உடம்பு பசியோடு காத்திருக்கும் கூண்டைத் திறக்கிறவருக்குத் தைரியம் மட்டும் போதாது. எனக்குத் தெரிந்து நல்ல வளர்ப்பாளர்கள் யாரும் தைரியசாலிகளாக இருந்ததுமில்லை. எல்லோரும் சந்தேகப் பிராணிகள்.

மலைப்பாம்பு தன்னை வளர்ப்பவர்மீது பாய்ந்தால் அதில் பகை ஒன்றும் கிடையாது. முகவரிக் குழப்பம், அவ்வளவுதான். நாக்கு காற்றிலிருந்து வாசனைத் துணுக்குகளை எடுத்து மேலண்ணத்திலுள்ள ஜேக்கப்சன் உறுப்பில் சேர்க்கிறது. உதட்டுச் செதில்களில் உள்ள குழிகள், வெதுவெதுப்பான உடம்பு எந்தத் திசையில் இருக்கிறது என்பதை இருட்டிலும் காட்டிக்கொடுக்கின்றன. கண் அசைவைப் பிடிக்கிறது. வாசனை, சூடு, அசைவு மூன்றும் முயலிடமிருந்தே வந்தால் பாய்ச்சலும் முயல்மீதே. அறையெங்கும் முயல் வாசனை பரவியிருக்க, சூடும் அசைவும் மனிதக் கையிலிருந்து வந்தால், பாம்பு செய்யக்கூடியது ஒன்றுதான். 1996இல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 19 வயது இளைஞர் ஒருவர் தாம் வளர்த்த 13 அடி பர்மிய மலைப்பாம்பால் உயிரிழந்தார். தீனிக்காக வாங்கிவந்த கோழி பக்கத்தில் ஒரு பெட்டிக்குள் உயிரோடு இருந்தது.

அதனால்தான் வளர்ப்பவர்கள் கையிலிருக்கும் கொக்கி எனக்கு இவ்வளவு பிடிக்கிறது. நீளமான உலோகத் தண்டு, முனையில் வளைவு, பார்வைக்கு ஒன்றுமில்லை. கூண்டைத் திறந்ததும் அதன் முதுகால் பாம்பின் முன்னுடம்பை மெல்ல ஒருமுறை தொடுவார்கள், அல்லது வருடுவார்கள். தண்ணீர் மாற்ற, கழிவு அள்ள, எடை பார்க்க, எதற்காகத் திறந்தாலும் முதலில் இந்தத் தொடுதல். தீனி நாளில் மட்டும் அது இல்லை. மாதக்கணக்கில் ஒருநாளும் தவறாமல் செய்துவந்தால், கதவு திறந்தாலே சோறு என்ற எண்ணம் பாம்புக்குப் படியாமல் போகிறது. தொட்டதும், எஸ் வடிவில் முறுக்கிய கழுத்து தளர்வதையும், நாக்கு சாவகாசமாக நீண்டு நீண்டு வருவதையும் கண்ணால் பார்க்கலாம். தொட்டும் கழுத்து தளரவில்லை என்றால் கதவைச் சாத்திவிட்டுப் பிறகு வருவார்கள். அடி இல்லை, அதட்டல் இல்லை. காது மடலே இல்லாத ஒரு பிராணியிடம் மனிதர் ஒரு செய்தி சொல்லி, அதுவும் அதைப் புரிந்துகொள்ளும் இடம் இது ஒன்றுதான். அவசரத்தில் ஒருநாள் தொடாமல் கையை விடுகிறவர் அந்த மாதக்கணக்கான உழைப்பைக் கலைத்துவிடுகிறார். நல்லவர்களிடம் அந்த ஒருநாள் வருவதே இல்லை.

கூண்டுக்குள் தீனி போட்டால் பாம்பு முரடாகிவிடும், வேறு பெட்டிக்கு மாற்றித்தான் ஊட்ட வேண்டும் என்று ஒரு பழைய கட்சி உண்டு. குட்டிகள் விஷயத்தில் வாதாடலாம். 40 கிலோ பாம்பைப் பசியோடு ஒருமுறையும், வயிற்றில் முயலோடு ஒருமுறையும் தூக்கிச் சுமக்கச் சொல்வது எனக்கு விபரீதமாகப் படுகிறது.

இனி அடுக்களைப் பக்கம். உயிருள்ள இரையைக் கூண்டுக்குள் விடுவதைத் தேர்ந்தவர்கள் விரும்புவதில்லை. மூலையில் சிக்கிய எலி கடித்துக் கண்ணிழந்த பாம்புகள் உண்டு. இரைக்கும் அது கொடுமை. உறைநிலையில் விற்கும் எலியோ முயலோ வாங்குகிறார்கள். முதல்நாள் இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றி, மறுநாள் உறையோடு வெந்நீரில் போட்டு, உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். மைக்ரோவேவில் வைப்பவரோடு பேச எதுவும் இல்லை. உள்ளே ஒரு பக்கம் வெந்தும் ஒரு பக்கம் உறைந்தும் கிடக்கும். பிறகு ஈரம் போகத் துடைப்பது. கடைசியாக, என்னை மிகவும் கவர்ந்த நுணுக்கம்: தலைமுடி உலர்த்தும் கருவியால் முயலின் தலைக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் சூடேற்றுகிறார்கள். உதட்டுக் குழிகளுக்கு முயலின் தலைதான் அந்த அறையிலேயே பளிச்சென்று தெரியும் பொருளாகிவிடுகிறது. பாய்ச்சல் தலையில் விழுந்தால், விழுங்குவதும் தலையிலிருந்தே தொடங்கும். கால்களும் மயிரும் படிந்த திசையிலேயே உள்ளே போகும். இந்த நேர்த்தியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஈரம் சொட்டும் குளிர்ந்த முயலை வாலைப் பிடித்து ஆட்டுகிறவரைப் பார்க்கச் சகிக்காது.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் யாரும் கதவருகில் போவதில்லை. முயல் ஒரு அறையில் சூடாகும். பாம்பு வேறு அறையில் இருக்கும். ஒரு கூண்டில் ஒரே பாம்பு. இரண்டு வாய் ஒரே முயலைப் பிடித்தால் ஒன்றையொன்று விழுங்கப் பார்க்கும். நீளமான இடுக்கி எலிக்குப் போதும். பெரிய முயலை இடுக்கியில் தொங்கவிடுவது பெரும்பாலும் வீம்பு. மிகப் பெரிய பாம்புகளுக்குக் கூண்டின் நடுவே இழுப்புத் தடுப்பு வைத்து, பாம்பை ஒரு பக்கம் அடைத்துவிட்டு மறுபக்கம் முயலை வைத்து, கதவைப் பூட்டிய பிறகே தடுப்பைத் திறக்கிறார்கள். ஊட்டுகிற கை அங்கே இல்லவே இல்லை. இதில் சுவாரசியம் குறைவு என்பவர்கள் உண்டு. கலையின் உச்சமே இதுதான் என்பது என் கட்சி.

8 அடிக்கு மேற்பட்ட பாம்பென்றால் பக்கத்தில் இன்னொரு ஆள் கட்டாயம். அவருக்கு வேலை எதுவும் இல்லாமல் போவதே நல்ல தீனி. வேலை வந்தால், சுற்றைத் தலைப்பக்கம் பிடித்து இழுக்காமல் வால் முனையிலிருந்து பிரித்துக்கொண்டு வர வேண்டும். பல்லெல்லாம் உட்புறம் வளைந்தவை. வெடுக்கென்று இழுத்தால் சதை கிழியும், பாம்பின் பல்லும் முறியும். கை சுத்திகரிக்கும் திரவத்தையோ கடுஞ்சாராயத்தையோ வாயோரம் கொஞ்சம் விட்டால் பிடி தளரும். தீனி நாளில் அந்தப் புட்டி எட்டும் தூரத்தில் இருக்கும்.

பாய்ச்சல் கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடும். பார்க்க வேண்டியது அதன் பிறகான இறுக்கம். மூச்சுத் திணறித்தான் இரை சாகிறது என்று நெடுநாள் நம்பினோம். ஸ்காட் போபாக்கும் உடன் உழைத்தவர்களும் 2015இல் வெளியிட்ட ஆய்வு, போவா பாம்பின் சுற்றில் சில நொடிகளிலேயே எலியின் ரத்த ஓட்டம் சரிந்துவிடுவதைக் காட்டியது. அதைவிட என்னை வியக்கவைத்தது 2012இல் அவர்கள் செய்தது: செத்த எலிகளுக்குள் செயற்கை இதயம் வைத்துத் துடிக்கவிட்டார்கள். துடிக்கும்வரை பாம்பு அதிக நேரம் இறுக்கியது. துடிப்பு நின்றதும் தளர்த்தியது. உயிருள்ள இரையையே கண்டிராத பாம்புகளும் அப்படித்தான் செய்தன. உறைந்து உருகிய முயலில் துடிப்பு ஏது? அதனால் சில வளர்ப்பாளர்கள், பாம்பு சுற்றியதும் இடுக்கியால் முயலின் காலைச் சில முறை லேசாகச் சுண்டிவிடுகிறார்கள். பாம்பு இன்னொரு முறுக்கு முறுக்கும். அதன் உடம்புக்கு அது நல்ல பயிற்சி.

விழுங்கும்போது தாடை கழன்றுகொள்ளும் என்பது கட்டுக்கதை. கீழ்த்தாடையின் இரு பாதிகளும் முன்னால் எலும்பாக ஒட்டாமல் நாரால் இணைந்திருப்பதால் இடம், வலம் என்று மாறிமாறி நடந்துபோகும். மூச்சுக்குழலின் வாய் முன்னால் நீண்டு வந்து, வாய் நிறைய முயல் இருக்கும்போதும் காற்று வாங்கும். அந்த நேரத்தில் செய்தித்தாள் மடிக்கும் சத்தம்கூட வேண்டாம் என்று விலகி நிற்பவரே ரசிகர்.

ஒன்றும் செய்யாமல் கிடப்பவனை, இரை விழுங்கிய மலைப்பாம்பு மாதிரி கிடக்கிறான் என்று திட்டுகிறோம். பெரிய அநியாயம். பர்மிய மலைப்பாம்பு இரையெடுத்த இரண்டு மூன்று நாட்களுக்குள் அதன் இதயம் சுமார் 40 சதவீதம் பெருக்கிறது, குடலின் எடை இரட்டிப்பாகிறது, உடலின் ஆற்றல் செலவு பல மடங்கு உயர்கிறது. அலபாமா பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் செகோர் இதை ஆராய்வதிலேயே பல்லாண்டுகள் செலவிட்டிருக்கிறார். இந்த உழைப்புக்குக் கூண்டின் ஒரு பக்கமாவது 31, 32 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். சூடு குறைந்தாலோ, ஆசையாகத் தூக்கினாலோ, அரைகுறையாகச் செரித்ததைக் கக்கிவிடும். குறைந்தது 48 மணி நேரம் தொடமாட்டார்கள். பெரிய இரையென்றால் இன்னும் கூடுதலாகவே.

எனக்கு ஆகாத ஒன்று உண்டு. சீக்கிரம் பெரிதாக்க வேண்டும், முட்டையிட வைக்க வேண்டும் என்று வாராவாரம் திணிப்பவர்கள். வளர்ந்த பாம்புக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, அதன் உடம்பின் தடித்த பகுதியைவிடப் பருமன் கூடாத இரை போதும். வாலடியில் கொழுப்பு மடிப்பு விழுந்த பாம்பைக் காட்டிப் பெருமைப்படுகிறவருக்குப் பாம்பு தெரியாது.

1920களின் கடைசியில் சான் டியேகோ விலங்குக் காட்சியகத்தில் டயப்லோ என்ற 20 அடிக்கும் மேற்பட்ட ரெட்டிகுலேட்டட் மலைப்பாம்பு தானாக இரையெடுக்க மறுத்தது. ஆட்கள் வரிசையாக நின்று அதைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, அரைத்த இறைச்சியைக் குழாய் வழியே தொண்டைக்குள் இறக்கினார்கள். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. அந்தக் காலத்துக்கு அது அருஞ்செயல். இன்றைய வளர்ப்பாளர் மறுப்பையும் வாசிக்கிறார். கண் நீலம் பூத்திருந்தால் சட்டை உரிக்கப்போகிறது. இணைசேரும் பருவத்தில் ஆண் மாதக்கணக்கில் இரையைத் திரும்பிப் பார்க்காது. பெண் மலைப்பாம்பு முட்டைகளைச் சுற்றிக்கொண்டு, உடம்பைச் சிலிர்த்துச் சிலிர்த்துச் சூடு கொடுக்கும் சுமார் இரண்டு மாதமும் பட்டினிதான். தொடாத முயலை மறுபடி உறையவைக்க முடியாது, குப்பைக்குப் போகிறது. வெப்பமானியைச் சரிபார்க்கிறார், எடையைக் குறிக்கிறார். எடை பெரிதாகக் குறையாதவரை அடுத்த முயலைப் பற்றி மூன்று வாரத்துக்கு யோசிப்பதில்லை.