சாரத்தின் மேலிருந்து

ஹேஸ்டிங்ஸ் நகரில் ராபர்ட் ட்ரெஸ்ஸல் குடியிருந்த வீடுகளையும் அவர் நாவலின் தெருக்களையும் ஒரு வழிகாட்டியோடு நடந்து பார்க்கும் ஏற்பாடு இருந்துவருகிறது. மில்வர்ட் சாலை வீட்டில் அவர் பெயரைப் பொறித்த பலகையும் உண்டு. நான் அங்கு போனதில்லை. நாவலைப் படித்தவன், அவ்வளவுதான். ஆனாலும் இந்த நடை பற்றி எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

ட்ரெஸ்ஸலின் வாழ்க்கைப் பெயர் நூனன். வீடுகளுக்கு வர்ணமடிப்பதும் விளம்பரப் பலகை எழுதுவதும் தொழில். வர்ணமடிப்பவர்கள் பலகை போட்டு வேலை செய்யும் தாங்குகாலின் பெயரையே புனைபெயராக வைத்துக்கொண்டார். 'தி ராகெட் ட்ரவுசர்ட் ஃபிலாந்த்ரபிஸ்ட்ஸ்' தொடங்குவதே, பணக்காரர் ஒருவருக்காகப் புதுப்பிக்கப்படும் வீட்டின் உள்ளேதான். தெருவில் நிற்பவனுக்குத் தெரிவது வீட்டின் முகம். அது வீட்டுக்காரனின் பெருமை. நாவலின் பார்வையோ உள்ளே, பழைய வர்ணத்தைச் சுரண்டிக்கொண்டிருப்பவனுடையது. நடை இந்தப் பார்வையைத் தலைகீழாக்கிவிடுகிறது. ஊருக்கு அவர் வைத்த பெயர் மக்ஸ்பரோ, ஏமாளிகளின் ஊர். அந்தக் கசப்பை விலாசமாக மாற்றிவிடுவது சுலபம்.

1911இல் லிவர்பூலில் காசநோயால் இறந்தார். ஏழைகளுக்கான பொதுக்குழியில் புதைத்தார்கள். நாவலின் உரிமையை மகள் 25 பவுனுக்கு விற்றார். வங்கியில் நாள் முழுதும் தொகை எழுதுகிறவன் நான். இந்தத் தொகையை என்னால் சும்மா கடந்துபோக முடியவில்லை. 1914இல் வந்த பதிப்பில் ஜெஸ்ஸி போப் கணிசமான பகுதியை வெட்டியிருந்தார். வெட்டுப்பட்டதில் முக்கியமானது அதன் சோஷலிசம்.

அதே ஹேஸ்டிங்ஸ்காரரான ஃப்ரெட் பால், நூனனோடு வேலை செய்தவர்களைத் தேடி விசாரித்தார். அவர் முயற்சியால் 1946இல் கையெழுத்துப் பிரதி கிடைத்தது. 1955இல் முழு நாவல் வெளிவந்தது. பாலின் தேடலும் இதே ஊரில்தான் நடந்தது. ஆனால் அது வீட்டு வாசலில் நிற்கவில்லை. வெட்டுப்பட்ட பக்கங்கள்வரை போனது. இலக்கிய அக்கறை என்று நான் சொல்வது இதை.

எனவே நடையே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். புனித ஆண்ட்ரூ தேவாலயச் சுவரில் நூனன் ஓவியம் தீட்டியிருந்தார். 1970இல் தேவாலயத்தை இடித்தபோது அதில் ஒரு பகுதி மட்டும் காப்பாற்றப்பட்டு, நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நடை அங்கே முடியட்டும். அவர் எங்கே தூங்கினார் என்பதை வீடு சொல்லும். அவர் கை என்ன செய்தது என்பதை அந்தச் சுவர்த்துண்டு சொல்லும். மிச்சத்தை 1955ஆம் வருடத்துப் பதிப்பில் படித்துக்கொள்ளலாம்.