தனித்தொட்டி என்றொரு பிரதி

புதுக்கோட்டையில் ஒரு டீக்கடை வாசல். கழிவுநீர் லாரி ஓட்டும் ஒருவரிடம் உரிமம் பற்றிக் கேட்டேன். 'லைசென்சு வண்டிக்குத்தான் சார், எங்களுக்கு என்னா இருக்கு?' என்றார். வேங்கைவயலை இந்தக் கேள்வியோடு சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும் என்று படுகிறது.

கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்த 2013-ஆம் ஆண்டுச் சட்டம், வரலாற்று அநீதியைத் திருத்துவதாகத் தன் முகப்புரையிலாவது சொல்கிறது. 2014-இல் தமிழக அரசு செப்டிக் டேங்க் கசடுக்கு நெறிமுறைகள் வகுத்தது. 2022-இல் சட்டத்தைத் திருத்தி நகரங்களில் கழிவுநீர் வண்டிகளுக்கு உரிமம் கொண்டுவந்தது. உரிமம் என்று வந்ததும் அநீதி என்ற பேச்சு காணாமல் போகிறது. வண்டி, கசடு, கொட்டும் இடம், அபராதம் – இவ்வளவுதான் மிச்சம். இந்த வேலை ஏன் சில சாதிகளின் தலையிலேயே விடிகிறது என்று கேட்க அங்கே இடமில்லை.

குடிநீரிலும் இதே மௌனம்தான். 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி குடிநீர் வழங்குவது ஊராட்சியின் கடமை. வேங்கைவயலில் அந்தக் கடமை தலித் குடியிருப்புக்கு 10,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டியாக வந்தது. 2022 டிசம்பர் 26-இல் அதில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. நேரில் போன ஆட்சியர் முன் இரட்டைக் குவளையும் கோயிலுக்குள் விடாத வழக்கமும் அம்பலமாயின. பிறகு சிபிசிஐடி, டி.என்.ஏ. சோதனை. 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகை வந்தபோது, குற்றம் சாட்டப்பட்ட மூவரும் அதே தலித் குடியிருப்பினர். அம்மக்கள் அதை ஏற்கவில்லை.

கலந்தது யார் கை என்ற கேள்வியை நானும் தெருவில் நின்று கத்தியிருக்கிறேன். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் உரிம விதி ஒரு வண்டிக்காரரைத் தேடுவதுபோல விசாரணையும் ஒரு கையைத் தேடுகிறது. ஊரையும் சேரியையும் பிரிக்கும் கோட்டின் மேலேயே அரசு குழாய் பதித்தது யார் குற்றம்? எந்தக் குற்றப்பத்திரிகையிலும் அதற்குப் பிரிவு கிடையாது.

'அப்போ உரிமமே வேணாம்ங்கிறியா தோழர்?' என்பீர்கள். அப்படியில்லை. கட்டுப்பாடு இல்லாவிட்டால் கசடு சேரி ஓரத்துக் குளத்தில்தான் போய் விழும். நான் கேட்பது வேறு. குளோரின் அளவைப் பார்க்கிற அதிகாரி, இந்தத் தண்ணீர் யாருக்குத் தனியாகப் போகிறது என்றும் எழுதட்டும். பொதுத்தொட்டி இல்லாத ஊருக்கு அடுத்த திட்டப் பணம் இல்லை என்று விதி வரட்டும்.

அதுவரை, அவரவர் ஊரில் எத்தனை தொட்டிகள், எந்தெந்தத் தெருவுக்கு என்று நாமாவது எண்ணி எழுதுவோம்.