மகாய்பாரியின் திராட்சைப் பரிமளம்

டார்ஜிலிங் மலையின் மகாய்பாரித் தேயிலைத் தோட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், பௌர்ணமி இரவில் பறிக்கும் வெள்ளித் தளிரைத்தான் எல்லோரும் முதலில் சொல்கிறார்கள். 2014இல் அது கிலோ 1,850 டாலருக்கு விலைபோனது முதல், அந்தத் தோட்டத்தின் கீர்த்தி முழுவதும் அந்த ஒரு சரக்கின்மேல் ஏறிவிட்டது. அதன் மென்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் கர்சியாங் மலைச்சரிவில் 1859 முதல் நின்று வரும் அத்தோட்டத்தின் ஜீவன், மே மாதக் கடைசியிலும் ஜூனிலும் எடுக்கும் இரண்டாம் பருவக் கொழுந்தின் மஸ்கட் திராட்சைப் பரிமளத்தில்தான் இருக்கிறது என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

அந்தப் பரிமளத்தின் மூலத்தை எங்கள் ஓமந்தூர்க் குடியானவர் ஒருவரிடம் சொன்னால் திகைத்துப்போவார். திண்டிவனம் வட்டாரத்தில் மல்லாட்டை போடுகிறவர்கள் கண்ட மாத்திரத்தில் மருந்தடிக்க ஓடுகிறார்களே, அந்தத் தத்துப்பூச்சியின் இனத்தைச் சேர்ந்த சின்னஞ்சிறு பச்சைப் பூச்சி ஒன்று இளங்கொழுந்தின் சாற்றை உறிஞ்ச, காயம்பட்ட செடி தன்னைக் காத்துக்கொள்வதற்காகச் சுரக்கும் வாசனைப் பொருள்களே, இலையை வாட்டி, உருட்டி, பதமாகப் புளிக்கவிட்டு உலர்த்திய பின் கோப்பையில் திராட்சையாக மணக்கின்றன. தைவான் தீவின் புகழ்பெற்ற தேநீர் ஒன்றும் இவ்விதமே பூச்சி கடித்த இலையால் உயர்ந்தது. பூச்சி மிகுந்தால் கொழுந்து கருகிப்போகும். அறவே இல்லாவிட்டால் மணமும் இல்லை. இந்த நடுநிலையைக் காப்பதற்குத் தோட்டக்காரனுக்கு ரசாயனத்தைவிடப் பொறுமை அதிகம் வேண்டும்.

அந்தப் பொறுமையைத்தான் தோட்டத்து உரிமையாளர் குடும்பத்தின் நான்காம் தலைமுறையான ராஜா பானர்ஜி ஒரு முறையாகவே வகுத்துக்கொண்டார். 1988இல் இயற்கைச் சாகுபடிக்கும், 1993இல் உயிராற்றல் வேளாண்மைக்கும் மகாய்பாரி சான்று பெற்றது. தேயிலையைவிடக் காடு அதிகமாக உள்ள எஸ்டேட் அது. சிலந்திக்கும் குருவிக்கும் அங்கே இடம் உண்டு, ஆகவே பூச்சிக்கும் ஒரு வரம்பு உண்டு. உயிராற்றல் வேளாண்மைக்கு மூலமான, 1924இல் கோபர்விட்ஸில் ருடால்ஃப் ஸ்டைனர் ஆற்றிய சொற்பொழிவுகளை ஒட்டி, பசுக்கொம்பில் சாணத்தை அடைத்துக் குளிர்காலம் முழுவதும் மண்ணில் புதைத்து, எடுத்து நீரில் சுழற்றிக் கலக்கித் தெளிக்கும் சம்பிரதாயத்தைப் பற்றித் தர்க்கம் செய்கிறவர்கள் செய்யட்டும். பஞ்சகவ்யம் அறிந்த நம் நாட்டவருக்கு அது முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது.

பிரான்ஸில் லுவார் நதிக்கரையில், சிஸ்டர்சியன் துறவிகள் 1130இல் நட்ட கூலே த செரான் திராட்சைத் தோட்டத்தை நிக்கோலா ஜோலி இதே உயிராற்றல் வழியில்தான் நடத்திக் காட்டினார். அதன் ஒயினை வியந்து எழுதும் உத்தேசம் எனக்கில்லை. 1948இல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கை அமல்படுத்திய முதல்வர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் ஊர்க்காரன் நான். திராட்சையின் சாரமான மணத்தைப் போதையின்றித் தரும் இலை நம் நாட்டிலேயே இருக்கும்போது வேறெதையும் நாட வேண்டிய அவசியம் எனக்கு நேரவில்லை.

புதுச்சேரியில் என் நண்பர் ஒருவர் முதல் பருவக் கொழுந்தின் கட்சிக்காரர். வசந்தத்தின் பசுமை அதில் உண்டு என்பார். உண்மைதான், ஆனால் அது மழைக்கு முந்திய வெயிலையும் பூச்சியின் கடியையும் அனுபவிக்காத இலை. ஒருநாள் அவர் வீட்டு மாடியில் இரண்டையும் அடுத்தடுத்துப் பருகினோம். இரண்டாம் பருவக் கோப்பை ஆறிய பிறகும் மணம் குறையாமல் இருந்ததை அவரே ஒப்புக்கொண்டார். கட்சி மாத்திரம் மாறவில்லை.

வருத்தம் வேறு இடத்தில் இருக்கிறது. 1990ஐ ஒட்டி ஒரு கோடி கிலோவைத் தாண்டியிருந்த டார்ஜிலிங் விளைச்சல் இன்று அறுபது லட்சத்தைச் சுற்றி நிற்கிறது. 2014இல் மகாய்பாரியின் பெரும் பங்கு லக்ஷ்மி குழுமத்திடம் சென்றது. 2017இல், கொழுந்து மணக்கத் தொடங்கும் ஜூன் மாதத்திலேயே மூண்டு 104 நாள் நீடித்த மலைநாட்டு வேலைநிறுத்தத்தில், அவ்வாண்டின் இரண்டாம் பருவம் பறிப்பாரின்றி வீணாயிற்று. கடைகளிலோ, ஏதோ ஒரு தூளின்மீது செயற்கை வாசனையைத் தெளித்து டார்ஜிலிங் என்று பெயர் எழுதி விற்கிறார்கள். அதைக் குடித்துப் பழகிய நாக்கு அசலைக் கண்டால் ‘சப்பென்று இருக்கிறது’ என்று தள்ளிவிடுகிறது.

வாங்குகிறவர்கள் எந்தத் தோட்டம், எந்தப் பருவம் என்று கேட்டு வாங்க வேண்டும். பாலும் சர்க்கரையும் வேண்டாம். கொதித்து இறக்கிய நீரில் மூன்று நிமிஷத்துக்கு மேல் இலையை ஊறவிடவும் வேண்டாம்.