முதல் வரி கொடுக்கும் வாக்கு

ஷெல் ஸ்கிரிப்டின் முதல் வரியில் ‘எஸ்எச்’ என்று எழுதுகிறவர், யூனிக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த எந்தக் கணினியிலும் இது ஓடும் என்று வாக்குக் கொடுக்கிறார். வாக்குக் கொடுத்திருக்கிறோம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. 2006 அக்டோபரில் வந்த உபுண்டு 6.10, அதுவரை பாஷ் என்ற ஷெல்லாக இருந்த எஸ்எச்சை டாஷ் என்ற ஷெல்லுக்கு மாற்றியது. டாஷ் சிறியது, வேகமானது. ஆனால் அரே, இரட்டைச் சதுர அடைப்பு போன்ற பாஷின் வசதிகள் அதில் இல்லை. அவற்றைப் பயன்படுத்திய ஸ்கிரிப்டுகள் அங்கே முறிந்தன. பழியை உபுண்டு மேல் போட எனக்கு மனமில்லை. பாஷ் மொழியில் எழுதிவிட்டு எஸ்எச் என்று பெயரிட்டதுதான் பிழை.

அந்த மாற்றத்தின் பலன் 2014 செப்டம்பரில் தெரிந்தது. அப்போது அம்பலமான ஷெல்ஷாக் என்ற பாதுகாப்பு ஓட்டை இருந்தது பாஷில். எஸ்எச் வழியாகக் கட்டளைகளை இயக்கும் நிரல்களுக்கு, டாஷ் இருந்த கணினிகளில் அந்த வாசல் அடைபட்டிருந்தது.

ஷெல்லை மட்டும் பார்த்தால் போதாது, அது கூப்பிடும் கருவிகளும் ஊருக்கு ஊர் வேறு. கோப்பை அங்கேயே திருத்தும் ‘செட்’ கட்டளையின் ‘ஐ’ விருப்பத்துக்கு மேக்கில் நகல்கோப்பின் பின்னொட்டையும் கொடுத்தாக வேண்டும், காலியாகவாவது. லினக்ஸில் அது தேவையில்லை. ‘எக்கோ’வோ பின்சாய்வுடன் ‘என்’ சேர்ந்த குறியை ஒரு ஷெல்லில் அப்படியே அச்சிடும், இன்னொன்றில் வரியை உடைக்கும். ‘பிரின்ட்எஃப்’ எழுதிப் பழகினால் இந்தத் தொல்லை ஒழியும்.

எங்கும் ஓட வேண்டும் என்பதற்காக நாம் எதை விடுகிறோம் என்று பார்த்தால்தான் எனக்குக் கவலை வருகிறது. தரவுத்தளத்தைப் பிரதியெடுத்து, குழாய்க்குறி வழியே, கோப்பைச் சுருக்கும் ‘ஜிசிப்’புக்கு அனுப்புகிறோம். பிரதியெடுப்பது தோற்றாலும் ஜிசிப் வெற்றி என்றே சொல்லி முடியும். கையில் மிஞ்சுவது காலிக் கோப்போ அரைகுறைக் கோப்போ, அதுவும் மீட்டெடுக்கப் போகும் நாளில்தான் தெரியும். குழாயில் எந்தக் கட்டளை தோற்றாலும் தோல்வி என்றே சொல்லவைக்கும் ‘பைப்ஃபெயில்’ விருப்பம் பாஷில் நெடுங்காலமாக இருக்கிறது. யூனிக்ஸ் கணினிகளுக்குப் பொதுவான போசிக்ஸ் தரத்தில் அது சேர்ந்தது 2024இல்தான். ஒரே சர்வரில் ஓடப்போகும் காப்புப்பிரதி ஸ்கிரிப்டுக்கு இந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்கவே கூடாது.

இன்னொரு விலை, படிக்க முடியாமை. பழைய ஷெல்களையெல்லாம் அரவணைத்துச் செல்வதற்காக ஆட்டோகான்ஃப் என்ற கருவி உண்டாக்கும் ‘கான்ஃபிகர்’ ஸ்கிரிப்டுகள் ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நீள்கின்றன. யாரும் அவற்றைப் படிப்பதில்லை. 2024 மார்ச்சில் அம்பலமான, எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியின் பின்கதவைத் திறந்துவிட்ட வரிகள், வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் இருந்த ஒரு மேக்ரோ கோப்பில், இத்தகைய புதருக்குள்தான் ஒளிந்திருந்தன.

ஆகவே, பிறர் கணினியில் நிறுவ உதவும் ஸ்கிரிப்டையும், பாஷ் இல்லாமலே வரும் ஆல்பைன் கன்டெய்னரில் ஓடுவதையும் எஸ்எச்சில் எழுதலாம், டாஷில் ஓட்டிப் பார்த்து, பிழை காட்டும் ஷெல்செக் கருவியிடமும் காட்டிவிட்டு. மற்றவற்றுக்கு முதல் வரியில் பாஷ் என்றே எழுதலாம். அப்போதும் பதிப்பைச் சோதிக்க வேண்டும். உரிமத்தில் வந்த மாற்றத்தால் மேக்கோடு வரும் பாஷ் 3.2இலேயே நின்றுவிட்டது. 2009இல் பாஷ் 4 கொண்டுவந்த, பெயரால் தேடும் அரே அங்கே கிடைக்காது. பதிப்பு போதாவிட்டால் காரணத்தைச் சொல்லி, எந்தக் கோப்பையும் தொடுமுன் ஸ்கிரிப்ட் நின்றுவிட வேண்டும்.