சிலம்பும் சட்டமும்

சட்டம் வழக்கறிஞருக்கே உரிய சரக்கு என்னும் எண்ணம் நம்மவரிடையே வேரூன்றி நிற்கிறது. மருத்துவமோ பொறியியலோ கணக்கியலோ பயிலும் மாணவர்க்குச் சட்டம் ஒரு பாடமாக வைக்கப்படுமாயினும், அது தேர்வு நாள்வரை நெஞ்சில் நின்று மறுநாள் மறையும். காரணம் மாணவரின் மந்தபுத்தி அன்று. பாடம் தொடங்கும் முறையே காரணம். சட்டம் என்றால் என்ன, அதன் பிரிவுகள் எத்தனை, நீதிமன்றங்களின் படிவரிசை யாது என்று பெயர்களை அடுக்கிச் செல்கின்றன இத்தகைய பாடநூல்கள். வழக்கு ஒன்றைக் கண்ணாற் காணாதவனுக்கு வழக்கின் உறுப்புகளை மட்டும் எண்ணிக் காட்டுவதால் விளையும் பயன் யாது?

பேராக்கின் தோட்டங்களிலே பால்மரம் சீவிய குடும்பங்களின் பிள்ளைகள் இன்று கம்பாரிலும் துரோனோவிலும் உள்ள பல்கலைக்கழகங்களில் அமர்ந்து கற்கின்றனர். அவர்களுடைய முன்னோர் ஒப்பந்தம் என்னும் சொல்லைக் கைரேகையால் அறிந்தவர்கள். 1910-ல் ஒப்பந்தக் கூலி முறை ஒழியும்வரை, வேலையை விட்டு ஓடுவது சிறைக்குரிய குற்றமாயிருந்தது. அவ்வொப்பந்தத்தில் எழுதியிருந்தது இன்னதென்று அறியாமலே கட்டை விரலை ஒற்றியவர் பலர். அவர்தம் பேரர் பட்டம் பெற்றும், கடன் பத்திரத்தையும் வேலை உடன்படிக்கையையும் படியாமலே ஒப்பமிடுவாராயின், நாம் கடந்து வந்த தூரம் எவ்வளவு?

ஆகவே முதற்பாடமாக ஒரு நூலைச் சொல்கிறோம், அது சிலப்பதிகாரம். சட்ட நூல் அன்றே எனச் சிலர் நகைக்கலாம். மதுரைக் காண்டத்தை ஒருமுறை வழக்கு ஆவணமாகப் படித்துப் பார்க்கட்டும்.

கொலைக்களக் காதையில் நடப்பது என்ன? அரசியின் ஊடல் தணிக்க விரையும் பாண்டியனை வழியில் பொற்கொல்லன் பணிகிறான். சிலம்பு திருடியவன் அகப்பட்டான் என்கிறான். களவு செய்தவன் அவனே; குற்றம் சாட்டுபவனும் அவனே; சிலம்பு அரசியுடையதே என மதிப்பிட்டுச் சொல்பவனும் அவனே. அரசன் கோவலனை அழைத்தானில்லை; ஒரு சொல் கேட்டானில்லை. பொருள் அவன் கையில் இருப்பின் கொன்று கொணர்க என்று நடந்துகொண்டே ஆணையிடுகிறான். காவலர் சிலர் கோவலனைக் கண்டு, இவன் கள்வனாகத் தோன்றவில்லை என ஐயுறுகின்றனர். அந்த ஐயம் மேலே செல்ல வழியில்லை. கல்வியறிவில்லாத களிமகன் ஒருவனின் வாள் வழக்கை முடித்துவிடுகிறது.

இதனினும் தெளிவாகச் சட்டத்தின் அடிப்படைகளைக் கற்பிக்கும் பாடம் ஏது? குற்றம் சாட்டப்பட்டவனைக் கேளாமல் தீர்ப்பளித்தல் ஆகாது. வழக்கில் தன்னலம் உடையவன் அதனைத் தீர்மானித்தல் ஆகாது. பொருள் கையில் இருப்பது மட்டும் களவுக்குச் சான்றாகாது. கூட்டரசு அரசமைப்பின் 5-ஆம் பிரிவு, சட்டப்படியன்றி ஒருவரின் உயிரையோ உரிமையையோ பறித்தல் ஆகாது என்கிறது. கைது செய்யப்பட்டவர்க்குக் காரணம் சொல்லப்பட வேண்டும் என்றும், அவர் தாம் தேர்ந்த வழக்கறிஞரைக் கலந்துகொள்ளலாம் என்றும் விதிக்கிறது. கோவலன் கதையை உணர்ந்தவன் இப்பிரிவை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

இனி வழக்குரை காதை. கண்ணகியின் கற்பே வழக்கை வென்றது என மேடைதோறும் முழங்குகின்றனர். நூலைப் பார்த்தால் வழக்கை வென்றது சான்றே. தன் சிலம்பின் உள்ளீடு மாணிக்கம் என்கிறாள் அவள். எம்முடையது முத்து என்கிறான் அரசன். இருவர் கூற்றும் முன்னரே நிலைநாட்டப்பட்ட பிறகே பொருள் அவைக்கு வருகிறது, அவை காண உடைக்கப்படுகிறது, மாணிக்கம் தெறிக்கிறது. இன்னது உண்மை என்று கூறுபவரே அதனை மெய்ப்பிக்க வேண்டும் என்பது நம் நாட்டின் 1950-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்திலும் காணும் நெறியாகும். வாதாடியவளோ வேற்று நாட்டவள். சோழ நாட்டினின்று வந்த ஏழைக் கைம்பெண். அவளுக்கும் வாயில் திறந்தது. நம் அரசமைப்பின் 8-ஆம் பிரிவும் சட்டத்தின் முன் குடிமக்கள் சமம் என்று நிறுத்தாமல், ஆட்கள் யாவரும் சமம் என்றே தொடங்குகிறது.

நிற்க. இந்நூலைப் பாராட்டுவோர் கூறாது விடும் பகுதியையும் கூறுதல் நம் கடமை. மதுரை எரியும்போது தீயிடம் விலக்குப் பெறுவோரின் வரிசை பார்ப்பாரில் தொடங்குகிறது. குற்றமற்றவர் என்பதற்குப் பிறப்பே சான்றாகி விடுகிறது. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியனோ கண்ணகிக்கு ஆயிரம் பொற்கொல்லரை ஒரே பகலில் பலியிட்டான் என்கிறது காப்பியம். திருடியவன் ஒருவன், செத்தவர் ஆயிரவர்! அவர்களை யார் விசாரித்தார்? கோவலனைக் கேளாமல் கொன்றது கொடுங்கோன்மையாயின், அவ்வாயிரவரைக் கேளாமல் கொன்றது செங்கோன்மை ஆகுமா? காப்பியம் இங்கே கலங்கவில்லை. படிக்கும் நாம் கலங்க வேண்டும். ஒருவன் களவுக்கு லயம் முழுவதையும், ஒருவன் குற்றத்துக்கு ஓர் இனம் முழுவதையும் ஐயுறும் மனம் இன்னும் சாகவில்லை. குற்றம் செய்தவனையே சாரும், அவன் குலத்தைச் சாராது என்னும் பாடத்தைச் சிலம்பின் இக்குறையே கற்பிக்கிறது.

தன் பிழை வெளிப்பட்டதும் தானே கள்வன் என்று சொல்லி வீழ்ந்த பாண்டியன், அரசனும் அறத்துக்கு உட்பட்டவன் என ஒப்பினான். இக்காலத்தில் அதற்கு உயிர்விட வேண்டியதில்லை, நீதிமன்றம் உண்டு. பிற்காலத்தில் பேராக்கின் சுல்தானாக விளங்கிய ராஜா அஸ்லான் ஷா, 1979-ல் கூட்டரசு நீதிமன்ற நீதிபதியாக ஸ்ரீ லெம்பா வழக்கில் தீர்ப்பு எழுதினார். நிரந்தர உரிமை நிலத்தைக் கொடுத்துவிட்டு 99 ஆண்டுக் குத்தகையைப் பெற்றுக்கொண்டால்தான் அனுமதி என அதிகாரிகள் விதித்த நிபந்தனை செல்லாது என்பது அவ்வழக்கின் முடிவு. எல்லையற்ற அதிகாரம் என ஒன்று சட்டத்தில் இல்லை என்பது அவர் காட்டிய நெறி. ஈப்போவில் வாழ்ந்த ஆசிரியை இந்திரா காந்தியின் வழக்கிலும், தாயின் இசைவின்றி 2009-ல் பிள்ளைகள் மூவர்க்கும் வழங்கப்பட்ட மதமாற்றச் சான்றிதழ்கள் செல்லா என 2018 ஜனவரி 29-ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம் தீர்த்தது. சட்டம் விதித்த படிகளைத் தாண்டி அலுவலகம் தரும் தாளுக்கு வலிமை இல்லை என்பதை நம் ஊர்ப் பெண்ணொருத்தி ஒன்பதாண்டுகள் போராடி நாட்டுக்கு உணர்த்தினார்.

சட்டத்தைத் தமிழில் சொல்ல முடியுமா என ஐயுறுவோர்க்கு மாயூரம் வேதநாயகம் பிள்ளையே விடை. முன்சீபாகப் பணியாற்றிய அவர், 1805 முதல் 1861 வரை வெளிவந்த மேல்மன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கிச் சித்தாந்த சங்கிரகம் என 1862-ல் வெளியிட்டார். 1879-ல் வந்த பிரதாப முதலியார் சரித்திரத்திலும் நீதிமன்றத்தில் மக்கள் மொழி வேண்டும் என வாதிட்டார். இந்நாட்டு நீதிமன்ற மொழி மலாய். அதை நம் பிள்ளைகள் நன்கு கற்கின்றனர். ஆயினும் வீட்டிலுள்ள தாய்க்கும் தந்தைக்கும் அதனைத் தமிழில் எடுத்துரைக்கும் பொறுப்பும் அவர்களுடையதே.

ஆதலின் பல்கலைக்கழக மாணவர்களே! பட்டத்துக்குரிய பாடம் எதுவாயினும் அரசமைப்பின் 5 முதல் 13 வரையுள்ள பிரிவுகளை ஒருமுறை படியுங்கள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தைப் புரட்டுங்கள். கையெழுத்திடுமுன் தாளைப் படிக்கும் பழக்கத்தை வீட்டிலும் புகுத்துங்கள். கண்ணகி அரசவைக்குச் சென்றபோது அவள் கையில் இருந்தது ஒற்றைச் சிலம்பு. அதனுள்ளே இருப்பது இன்னதென அவள் அறிந்திருந்தாள். அவ்வறிவு இல்லாதிருந்தால் அவள் கண்ணீர் வெறுங் கண்ணீராகவே வற்றியிருக்கும்.